குதிரைக்குள் போன விளக்கு

பச்சைத் துணி விரித்த தட்டில் கத்தி, கொறடு, சுரண்டி எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. ஓரத்தில் ஓர் எஃகுக் குழாய். தடிமன் 4 மில்லிமீட்டர். பள்ளிக்கூடப் பென்சிலைவிட ஒல்லி, நீளம் ஏறத்தாழ அதே அளவு. நுனியில் ஒரு பொட்டுக் கண்ணாடி. அதை நேராகப் பொருத்தாமல் சற்றே சரித்துப் பொருத்தியிருப்பார்கள். ஜன்னலோரம் நிற்பவர் கழுத்தைத் திருப்பினால் தெருவின் இரண்டு கோடியும் தெரிகிற மாதிரி, இந்தக் குழாயை இருந்த இடத்திலேயே விரலால் உருட்டினால் போதும், சுற்றுவட்டம் முழுதும் தெரிந்துவிடும். பின்பக்கம் ஒரு கேமரா, விலாவில் வெளிச்சத்துக்கு ஒரு கேபிள். ஆர்த்ரோஸ்கோப் என்று பெயர். கிரிக்கெட்காரர்களின் முழங்கால் பற்றிய செய்திகளில் அடிபடுமே, அதேதான்.

இதே குழாய்தான் பந்தயக் குதிரையின் காலுக்குள்ளும் போகிறது. இதற்கு ஓர் அண்ணன் உண்டு: விரல் தடிமன், அரை மீட்டருக்கு மேல் நீளம். பெயர் லேப்ராஸ்கோப். அவன் போவது குதிரையின் வயிற்றுக்குள், சினைப்பையையும் ஒளிந்துகிடக்கும் விதையையும் தேடி. அண்ணன் தம்பி இருவருக்கும் பாட்டன் ஒருவனே. அந்தப் பாட்டன் ஒரு மெழுகுவத்தி.

ஃபிராங்ஃபர்ட்டில் பிலிப் போட்சினி என்றொரு டாக்டர். பூச்சாடி மாதிரி ஒரு தகர லாந்தர் செய்து, மேலே தோல் போர்த்தி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்தில் ஒரு கண்ணாடி வைத்து, அந்த வெளிச்சத்தை ஒரு குழாய் வழியாக உடம்பின் துவாரங்களுக்குள் பாய்ச்சினார். 1806-இல் அதை வியன்னாவில் சோதித்துப் பார்த்தார்கள். ராணுவ மருத்துவர்களுக்குப் பிடித்திருந்தது. பல்கலைக்கழக மருத்துவப் பிரிவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நிறுவனங்களுக்கும் இடையில் ஏற்கெனவே புகைச்சல். நடுவில் மாட்டிய லாந்தர் மூலைக்குப் போனது. 1809-இல் நோயாளிகளைப் பார்த்து வந்த போட்சினியே டைஃபஸ் காய்ச்சலில் போய்விட்டார். வயது 35.

அவருடைய முறையில் ஒரு குறை இருந்தது. விளக்கு வெளியே, இருட்டு உள்ளே. வாசலில் நின்று டார்ச் அடிப்பது போலத்தான். மாக்ஸ் நிட்சே என்ற ஜெர்மானியர் 1877-இல் விளக்கையே உள்ளே கொண்டுபோகத் துணிந்தார். குழாயின் நுனியில் பிளாட்டினக் கம்பியைப் பழுக்கக் காயவைத்து, அது சதையைச் சுட்டுவிடாதபடி சுற்றிலும் குளிர்ந்த நீரை ஓடவிட்டார். வியன்னாவின் கருவித் தயாரிப்பாளர் ஜோசஃப் லைட்டர் அதைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். எடிசனின் பல்பு வந்த பிறகு கம்பியும் நீரும் போய், நுனியில் ஒரு சின்ன பல்பு உட்கார்ந்துகொண்டது. இதுதான் சிஸ்டோஸ்கோப். சிறுநீர்ப்பையைப் பார்க்க.

சிறுநீர்ப்பைக்கு இயற்கையே ஒரு வாசல் வைத்திருக்கிறது. வயிற்றுக்கும் முழங்காலுக்கும் அப்படி எதுவும் கிடையாது. குழாய் அங்கே போகவேண்டுமென்றால் சுவரில் துளை போடவேண்டும். 1901-இல் கெயோர்க் கெல்லிங் என்பவர் ஹாம்பர்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் உப்பவைத்து, நிட்சேயின் சிஸ்டோஸ்கோப்பைச் செருகி உள்ளே காட்டினார். மனிதருக்கு அதைச் செய்ததாக ஸ்டாக்ஹோமிலிருந்து யாக்கோபேயஸ் எழுதியது 1910-இல். லேப்ராஸ்கோப்பியின் வரலாற்றில் மனிதனுக்கு முன்னால் ஒரு நாய் நிற்கிறது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ளலாம்.

முழங்காலுக்குள் குழாயைக் கொண்டுபோனதற்குக் காரணம் ஜப்பானியர்கள் தரையில் உட்கார்ந்த விதம். காசநோய் முழங்காலைத் தாக்கினால் மூட்டு கட்டையாக இறுகிவிடும். நாற்காலி நாட்டில் அது ஒரு நொண்டல், அவ்வளவுதான். பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து சாப்பிட்டு, பாயிலேயே விருந்தாளியை வரவேற்று, பாயிலேயே வணங்கி வாழ்கிற ஊரில் மடங்காத கால் ஒரு மனிதனை வீட்டுக்குள்ளேயே அந்நியனாக்கிவிடும். பந்தியில் சம்மணம் போட முடியாமல் ஓரமாக ஸ்டூலில் உட்காரவைக்கப்பட்ட பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தோக்கியோவின் கென்ஜி தகாகி 1918-இல் சிஸ்டோஸ்கோப்பை எடுத்து ஒரு பிணத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மூட்டு இறுகாமல் காப்பாற்றலாமே என்பது கணக்கு. அவர் முதலில் செய்துகொண்ட கருவியின் தடிமன் 7.3 மில்லிமீட்டர். முழங்காலுக்கு அது உலக்கை. 1931-க்குள் 3.5 மில்லிமீட்டருக்கு இறக்கிவிட்டார். (டென்மார்க்கின் நோர்டன்டோஃப்ட் 1912-லேயே பெர்லினில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். கேட்டவர்கள் மறந்துவிட்டார்கள்.)

தகாகியின் மாணவர் மசாகி வதனபே போருக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகள் செய்து எண் போட்டுக்கொண்டே போனார். 1950-களின் கடைசியில் வந்த 21-ஆம் எண்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. நுனியில் ஒரு டங்ஸ்டன் பல்பு. சில சமயம் மூட்டுக்குள்ளேயே உடைந்து தொலைக்கும். 1964-இல் தோக்கியோ வந்த கனடா டாக்டர் ராபர்ட் ஜாக்சன் வதனபேயிடம் தொழில் கற்றார். குரு தட்சிணை, ஆங்கிலப் பாடம். ஊருக்குத் திரும்பும்போது கையோடு கருவியும் போனது. வட அமெரிக்கா முழுதும் அது பரவியதற்கு அந்தப் பெட்டிதான் வித்து.

அந்த பல்புக்கும் முடிவு வந்தது. இங்கிலாந்தின் ஹரால்ட் ஹாப்கின்ஸ் இரண்டு வேலைகள் செய்தார். ஒன்று, நம் பஞ்சாபின் மோகா ஊர்க்காரரான நரிந்தர் சிங் கபானியோடு சேர்ந்து, தலைமுடி போன்ற கண்ணாடி இழைக் கட்டின் வழியே ஒளியையும் உருவத்தையும் வளைத்துக் கொண்டுபோக முடியும் என்று 1954-இல் காட்டினார். விளக்கு வெளியே இருக்கலாம், வெளிச்சம் மட்டும் உள்ளே போகும். பழைய குழாயில் காற்று நிறைய, கண்ணாடி வில்லை கொஞ்சம். ஹாப்கின்ஸ் அதைத் தலைகீழாக்கி, கண்ணாடித் தண்டுகளை அடுக்கி இடையில் கொஞ்சம் காற்று விட்டார். அது இரண்டாவது வேலை. படம் பளிச்சென்று ஆனது. கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனம் 1960-களில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. மெழுகுவத்தி வெளியே வந்து, உள்ளே போய், மறுபடி வெளியே வந்துவிட்டது.

இனி குதிரை.

குதிரையின் முன்னங்காலில் நடுவே மடங்குகிற இடத்தை முழங்கால் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அது முழங்கால் அல்ல, மணிக்கட்டு. நம் கையை எடுத்து, நடுவிரலைத் தவிர மற்ற விரல்களைத் தேயவிட்டு, நகத்தைக் குளம்பாக்கி, அந்த ஒற்றை விரல் நுனியில் நிற்கவைத்தால் குதிரை. நம் மணிக்கட்டைப் போலவே அங்கேயும் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன எலும்புகள், கூழாங்கல்லை அடுக்கியது போல. பின்னங்காலில் குதிகால் எங்கே என்று தேடினால் அது தரையிலிருந்து இரண்டடி மேலே இருக்கும். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி, பார்வைக்கே வராமல் ஒளிந்திருக்கும்.

நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் முழு உடம்பும் ஒரே முன்னங்காலில் இறங்கும். அந்தக் கணத்தில் அந்த ஒற்றைக் கால் தாங்குவது உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். 500 கிலோக் குதிரை என்றால் ஒரு டன்னுக்கு மேல். மணிக்கட்டு பின்புறமாக அளவுக்கு மீறி வளைய, கூழாங்கற்களின் முன்விளிம்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இடித்து இடித்து ஒருநாள் விளிம்பிலிருந்து ஒரு சில்லு தெறிக்கும். பட்டாணி அளவு, சில சமயம் புளியங்கொட்டை அளவு. செருப்புக்குள் போன கல் மாதிரி அது மூட்டுக்குள் கிடந்து அரைக்க ஆரம்பிக்கும். குதிரை நொண்டும். சில குதிரைகள் நொண்டக்கூடச் செய்யாது. கடைசி 200 மீட்டரில் வேகம் மட்டும் குறையும். லாயக்காரருக்கு அது போதும், கண்டுபிடித்துவிடுவார்.

முன்பெல்லாம் மூட்டைக் கத்தியால் திறந்து சில்லை எடுத்தார்கள். ஒரு பக்கம் திறந்தால் அந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும். மறுபக்கத்துச் சில்லு அப்படியே தங்கிவிடும். தைத்த மூட்டுப்பை தழும்பேறித் தடித்துவிடும். கால் பழையபடி மடங்காது. மடங்காத காலால் தோக்கியோக்காரர் பட்ட பாட்டை இங்கே குதிரை பட்டது.

1970-களின் நடுவில் குதிரை மூட்டுக்குள் ஆர்த்ரோஸ்கோப்பை விட்டுப் பார்த்தவர்கள் அங்கங்கே சிலர் இருந்தார்கள். விளையாட்டாக இருந்ததை வித்தையாக மாற்றியவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், நியூசிலாந்திலிருந்து அமெரிக்கா போன வெய்ன் மெக்கில்ரெய்த். பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபெஸ்லரோடு சேர்ந்து 1978-இல் அவர் எழுதிய கட்டுரை நோயைக் கண்டறிவதைப் பற்றி மட்டுமே. பார்ப்பதற்குத்தான் குழாய், வெட்டுவதற்கு அல்ல என்பது அப்போதைய எண்ணம். பிறகு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, ஃபோர்ட் காலின்ஸ் ஊருக்கு மாறினார். பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு துளை வழியே கொறடு வந்து சேர்ந்தது. 1984-இல் குதிரை ஆர்த்ரோஸ்கோப்பிக்கென்றே ஒரு பாடநூல் எழுதிவிட்டார். அதன் பிறகு வந்த குதிரை அறுவை மருத்துவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்த நூலின் பிள்ளைகள்.

அறுவை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மயக்கமூட்டிய குதிரையைக் கிரேனில் தூக்கி மெத்தை போட்ட மேசையில் மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். அரை டன் உடம்பு, கால்கள் வானத்தைப் பார்த்து. மயிரைச் சிரைத்துக் கழுவிய மணிக்கட்டில் ஊசி போட்டு, நீரைச் செலுத்தி, மூட்டுப்பையைப் பலூன்போல் விம்மவைப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக ஒரு கீறல். குழாய் உள்ளே. டிவியில் படம் வருகிறது. நல்ல குருத்தெலும்பு இளநீர் வழுக்கை மாதிரி வெளுத்து வழவழவென்று பளபளக்கும். ஓரங்களில் மூட்டு உறையின் மெல்லிய இழைகள், குளத்தடிப் பாசி போல நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருக்கும். அந்த வெண்மை திடீரென்று முடிந்து, நைந்த துணிபோல் பிசிறு பிசிறாக ஓர் இடம். அங்கேதான் சில்லு.

இரண்டாவது துளையில் கொறடு நுழையும். கண் திரையில் இருக்க, கைகள் வேறெங்கோ வேலை செய்யவேண்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தன் பின்மண்டை முடியைத் தானே வெட்டிக்கொள்ள முயன்றவருக்கு இந்தச் சிரமம் தெரியும். வலது என்று நினைத்தால் இடது வரும். கொறடு சில்லைக் கவ்வியதும் இழுக்கக்கூடாது, முறுக்கவேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் நார்கள் அறுந்தபிறகே வெளியே வரும். அது கிடந்த பள்ளத்தை நல்ல எலும்பு தட்டுப்படும்வரை சுரண்டுவார்கள். பிறகு நீரைப் பீய்ச்சி எல்லாத் துகளையும் கழுவி வெளியேற்றி, தோலில் ஓரிரண்டு தையல்.

1987-இல் மெக்கில்ரெய்த்தும் சகாக்களும் கணக்குக் கொடுத்தார்கள்: 591 குதிரைகள், 1000 மூட்டுகள். பந்தயக் குதிரைகளில் 445-ஐப் பின்தொடர முடிந்தது. 303 குதிரைகள் அடிபடும் முன் ஓடிய தரத்திலோ அதைவிட மேலாகவோ மறுபடி ஓடின. நூற்றுக்கு 68. இதில் என் கண்ணை இழுத்தது வேறொன்று. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. சில்லு சின்னதாக இருக்கும், சுற்றியுள்ள குருத்தெலும்பு பாதி போயிருக்கும். சில்லு பெரிதாக இருக்கும், மற்ற இடம் புதுப் பாத்திரம்போல் இருக்கும். குருத்தெலும்பு அதிகம் தேயாதவற்றில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பழைய தரத்துக்குத் திரும்பின. மோசமாகத் தேய்ந்தவற்றில் பாதிக்குச் சற்று மேல்தான். அதாவது குதிரையின் பிழைப்பை முடிவு செய்வது எக்ஸ்ரேயில் தெரிந்த சில்லு அல்ல, குழாய் போனபிறகே தெரியவந்த தேய்மானம்.

கெட்டிக்காரக் கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. குட்டிகளுக்கு ஒரு கோளாறு வரும். எலும்பாக மாறவேண்டிய குருத்தெலும்பு ஒழுங்காக மாறாமல் அங்கங்கே தளர்ந்து, மடல் போல் பெயர்ந்து நிற்கும். பின்னங்காலின் உண்மையான முழங்காலிலும் கணுக்காலிலும் இதை அதிகம் பார்க்கலாம். குழாய் வழியே எடுத்துவிட்டால் பல குட்டிகள் நன்றாகவே வளர்கின்றன. ஆனால் ஏல மேடைக்குப் போகும் ஒரு வயதுக் குட்டிக்கு, அது நொண்டாவிட்டாலும், எக்ஸ்ரே படம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காகவே செய்கிற அறுவையும் உண்டு. பழைய கார் விற்கும் முன் டிங்கரிங் பார்ப்பது போல. அந்தக் கோளாறு பரம்பரையாகவும் வரக்கூடியது. தழும்பு தெரியாத தாய் தகப்பனிடமிருந்து அடுத்த குட்டிக்கு அது இறங்கினால் யார் பொறுப்பு என்ற கேள்வியை ஏலக்காரர் கேட்பதில்லை.

குழாய் மனிதரிடம் திரும்பி வந்ததையும் சொல்லவேண்டும். கொலராடோவின் வெய்ல் ஊரில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் என்ற மனித எலும்பு மருத்துவர், குருத்தெலும்பு போன இடத்தில் அடி எலும்பைக் கூர்முனையால் பொத்துப் பொத்து ரத்தம் கசியவிட்டால் அதிலிருந்து புதுத் திசு வளரும் என்று செய்துவந்தார். அது நிஜமாகவே வளர்கிறதா? மனிதனின் மூட்டைத் திறந்து வெட்டிப் பார்க்க முடியாது. குதிரையின் முழங்கால் குருத்தெலும்பின் தடிமன் மனிதனுடையதற்கு வெகு அருகில் இருக்கிறது. ஃபோர்ட் காலின்ஸ் குதிரைகளில் ஸ்டெட்மன், மெக்கில்ரெய்த் அணிகள் இரண்டும் சேர்ந்து சோதித்து, பொத்திய பள்ளத்தில் கூடுதலாகத் திசு நிரம்புகிறது என்று 1999-இல் எழுதின. பிறகு எத்தனையோ கால்பந்து வீரர்களின் முழங்காலில் நடந்த வேலைக்குப் பின்னால் அந்தக் குதிரைகள் நிற்கின்றன.

அண்ணனின் கதைக்கு வருவோம்.

பெட்டைக் குதிரை ஒன்று திடீரென்று பொலிக்குதிரை மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கும். மற்ற பெட்டைகள்மீது ஏறும், கழுத்து தடிக்கும், பக்கத்தில் வரும் ஆளைக் கடிக்க வரும். சினைப்பருவமே வராது, அல்லது வந்தால் போகாது. குதிரையின் குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் குணம் அதனுடையது அல்ல. சினைப்பையில் ஒரு கட்டி. முட்டையைச் சுற்றிய செல்களிலிருந்து கிளம்பி, தானே ஹார்மோன் சுரந்து, மறுபக்கச் சினைப்பையைச் சுருங்கவைத்துவிடும். கட்டி தேங்காய் அளவு இருக்கும், பூசணி அளவும் ஆகும். ஒரு நல்ல செய்தி: பெரும்பாலும் வேறெங்கும் பரவாது. எடுத்துவிட்டால் சில மாதங்களில் மறுபக்கம் விழித்துக்கொள்ளும். குதிரை சினை பிடித்து ஈனும்.

எடுப்பது எப்படி? 1850 வாக்கில் பாரிசின் ஷாசென்யாக் என்ற அறுவை மருத்துவர் மனிதர்களுக்காக ஒரு சங்கிலிக் கருவி செய்தார். வளையத்தை மாட்டி, பல்சக்கரத்தைக் கிளிக் கிளிக்கென்று முறுக்க, சங்கிலி இறுகி இறுகிச் சதையை நசுக்கியபடியே அறுக்கும். நசுங்கிய ரத்தக்குழாய் மூடிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. மனித மருத்துவம் அதைக் கைவிட்ட பிறகும் குதிரை மருத்துவம் வைத்துக்கொண்டது. நின்றுகொண்டிருக்கும் பெட்டையின் யோனிச் சுவரில் ஒரு கீறல் போட்டு, கையை உள்ளே விட்டு, சினைப்பையைத் தடவிப் பிடித்து, சங்கிலி வளையத்துக்குள் இழுத்து முறுக்குவார்கள். எல்லாம் தடவல்தான். குடலின் ஒரு மடிப்பு சேர்ந்து மாட்டியிருந்தால் தெரியாது. ரத்தக்குழாய் மூடாமல் போனாலும் தெரியாது. குதிரை வியர்த்து நடுங்கும்போது தெரியும். பெரிய கட்டி என்றால் இந்த வழியே கிடையாது, வயிற்றைத் திறக்கவேண்டியதுதான்.

லேப்ராஸ்கோப் 1970-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் பெட்டைக் குதிரைகளின் உள்ளுறுப்பைப் பார்க்கப் போயிருந்தது. அறுவைக்கு அது வந்தது 1990-களில். வந்ததும் ஒரு வசதி தெரிந்தது: குதிரையைப் படுக்கவைக்க வேண்டியதில்லை. டிராவிஸ் என்று நம் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, அரைமயக்கம் கொடுத்து, விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டால் போதும். முந்தின நாள் தீனி நிறுத்தியிருப்பார்கள். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றியதும், பல கிலோ எடையுள்ள பெருங்குடல் தன் பாரத்தில் கீழே தங்க, வாயு மேலே ஏறி இடம் உண்டாக்கும். குதிரையின் சினைப்பை இருப்பதோ மேலே, சிறுநீரகத்துக்குப் பின்னால், கூரையிலிருந்து தொங்கும் உறியைப் போல. அந்த உறிக்கயிற்றில் ரத்தக்குழாய்களைச் சூட்டால் மூடி வெட்டிவிடலாம். கண்ணால் பார்த்து. ரத்தம் கசிந்தால் அந்தக் கணமே தெரியும். கட்டி பெரிதென்றால் வெளியே எடுக்கும்போது மட்டும் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்துவார்கள்.

ஆண்களுக்கும் இதே வழி. சில ஆண்குட்டிகளுக்கு ஒரு விதை கீழிறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். அங்கே உள்ள சூட்டில் விந்து உண்டாகாது. ஆண் ஹார்மோன் மட்டும் வற்றாது. வெளியே இருந்த ஒன்றை மட்டும் காயடித்து விற்றுவிடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வாங்கியவர் சாதுவான காயடித்த குதிரை என்று நம்பிப் பெட்டைகளோடு மேயவிடுவார். அன்று மாலையே உண்மை தெரிந்துவிடும். முன்பு தொடையிடுக்கு வழியே விரலால் துழாவித் தேடினார்கள். இப்போது குழாய் போய் நேராகக் காட்டிவிடுகிறது.

இவ்வளவிலும் எனக்கு மிகவும் பிடித்த அறுவை எதையும் வெட்டாத ஒன்று. குதிரையிடம் ஒரு விசித்திரம் உண்டு. கருவுறாத முட்டைகள் கருப்பைக்கு வரவே வராது. முட்டைக் குழாயிலேயே மாதக்கணக்கில் தங்கிக் கரையும். கருவுற்ற முட்டை மட்டும் ஐந்தாம் ஆறாம் நாளில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற ஒன்றைச் சுரக்கும். குழாய் தளர்ந்து அதற்கு மட்டும் வழிவிடும். தன் கதவைத் தானே திறக்கும் சாவியோடு கரு புறப்படுகிறது. சில பெட்டைகளில் அந்தக் குழாய் புரதத் திரட்டால் அடைபட்டுப்போகும். எல்லாச் சோதனையும் சரி, நல்ல பொலிக்குதிரை, ஆனாலும் வருடக்கணக்கில் சினை பிடிக்காது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் டபிள்யூ. ஆர். ஆலனும் குழுவினரும் லேப்ராஸ்கோப் வழியாக அதே புரோஸ்டாகிளாண்டினைக் களிம்பாக்கி முட்டைக் குழாயின்மேல் சொட்டவிட்டார்கள். 2006-இல் எழுதிய அறிக்கையில் 15 பெட்டைகள். அந்தப் பருவத்திலோ அடுத்ததிலோ 14 சினையாகின. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு தொகுதி இல்லாத சிறிய ஆய்வுதான். இருந்தாலும், கரு சொல்லவேண்டிய சொல்லை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைக்கிற அந்த யோசனையை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

எளிதாகிப்போனதன் மறுபக்கமும் உண்டு. கட்டி எதுவுமில்லாத, நல்ல சினைப்பைகளையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறார்கள், சவாரிக்கு அடங்கவில்லை என்று. பல குதிரைகளில் முரட்டுத்தனத்துக்குக் காரணம் முதுகுவலியாகவோ பொருந்தாத சேணமாகவோ இருக்கும். சினைப்பை போனபிறகும் சேணம் அதேதான் அழுத்தும்.

நிற்கவைத்துச் செய்வதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், குதிரைக்குப் படுப்பதைவிட எழுவது ஆபத்து. 1975 ஜூலை 6, நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க். ரஃபியன் என்ற கறுத்த பெட்டை, ஓடிய பத்துப் பந்தயங்களிலும் வென்றது, ஒரு சவால் பந்தயத்தின் நடுவில் வலது முன்னங்கால் எலும்பு நொறுங்கி நின்றது. அன்று இரவே அறுவை செய்து கட்டுப் போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் குதிரை இன்னும் பந்தயத்திலேயே இருப்பதுபோல், படுத்த நிலையிலேயே கால்களை வீசி ஓட ஆரம்பித்தது. பிடித்தவர்களால் பிடிக்க முடியவில்லை. கட்டு சிதைந்தது, காலும் சிதைந்தது. விடியும் முன்பே கருணைக்கொலை. ஓட்டத்தையே தற்காப்பாகக் கொண்ட விலங்குக்கு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கண்விழிப்பதும் ஓடுவதும் ஒன்றுதான்.

2002-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் 41,824 குதிரைகள். குடல்நோய் அறுவைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மயக்கம் கொடுத்த குதிரைகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று ஏழு நாளுக்குள் இறந்திருந்தது. அதில் ஒரு கணிசமான பங்கு எழும்போது எலும்பு முறிந்தவை. சில்லு எடுக்க அரைமணி, எழுந்து நிற்க ஒருமணி. அந்த ஒருமணியில்தான் மருத்துவருக்கு வியர்க்கிறது. சுவரெல்லாம் மெத்தை வைத்த அறை, வாலிலும் தலையிலும் கயிறு. பென்சில்வேனியாவில் நீச்சல்குளமே கட்டி, ரப்பர்ப் படகில் மிதக்கவிட்டு எழுப்புகிறார்கள்.

அதனால் குழாயின் அடுத்த பயணம் மெலிவதில் இருக்கிறது. தகாகி 7.3 மில்லிமீட்டரில் தொடங்கியது இப்போது 1.2-க்கு வந்திருக்கிறது. ரத்தம் ஏற்ற நம் கையில் குத்துவார்களே, பச்சை மூடி போட்ட 18 கேஜ் ஊசி, அந்தத் தடிமன்தான். ஃபோர்ட் காலின்ஸ் அணி அதை நின்றுகொண்டிருக்கும் குதிரையின் முழங்காலுக்குள், வயிற்றை ஒட்டி ஒளிந்திருக்கும் அந்த உண்மையான முழங்காலுக்குள், செலுத்திப் பார்த்து 2014-இல் எழுதியது. பார்க்க மட்டும்தான், சுரண்டவும் எடுக்கவும் இன்னும் பெரிய குழாய் வேண்டும்.

டிராவிஸில் குதிரை தலையைத் தாங்குகட்டையில் சாய்த்து நிற்கிறது. கண் பாதி மூடியிருக்க, கீழுதடு தொங்குகிறது. கால்மாட்டில் குந்தியிருப்பவர் திரையைப் பார்த்து ஊசியை ஒரு நூலளவு திருப்புகிறார். வெள்ளைக் குருத்தெலும்பு, அதில் ஒரு கீறல். குதிரை ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பிக் கேட்டுவிட்டு மறுபடி தூங்குகிறது. வேலை முடிந்ததும் லாயத்துக்குத் தானே நடந்து போகும். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை, தொண்டையில் அடைத்துக்கொள்ளாமலிருக்க, புல் போடமாட்டார்கள்.